கத்தரித்த சொற்கள் ஈசலோடு வந்த வருஷம்

ஒத்தப்புளிமேட்டில் அந்த வருஷம் ஐப்பசியின் முதல் மழை விட்ட விடியற்காலையில், ஈசலோடு ஈசலாக, முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்துத் தணிக்கை அதிகாரிகள் சிப்பாய்களின் கடிதங்களிலிருந்து பிளேடால் வெட்டியெடுத்த சொற்களும் புற்றுகளிலிருந்து கிளம்பி வந்தன. ஊர்ப்பெண்கள் வழக்கம்போலப் புற்றோரம் குழி வெட்டி, குழியில் தண்ணீர்ச் சட்டியும் அதற்கு மேல் விளக்கும் வைத்துக் காத்திருந்தார்கள். வெளிச்சத்துக்கு வந்து விழுந்ததையெல்லாம் அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்தபோது சிறகுகள் பறந்துபோக, ஈசலுக்கு நடுவே நகத்தளவும் விரலளவுமாகக் காகிதத் துண்டுகள் தங்கின. குப்பாயி ஒன்றை எடுத்துப் படிக்கத் தெரிந்த மருமகளிடம் நீட்டினாள், மருமகள் 'எகிப்து' என்று படித்தாள். அடுத்ததில் 'வெடிமருந்து' என்றும் அதற்கடுத்ததில் 'பதினேழு பேர்' என்றும் இருந்தது. "இதையும் சேத்து வறுக்கலாமா, பொறுக்கிடணுமா?" என்று கேட்டாள் குப்பாயி. அன்றைக்கு ஊரில் எழுந்த ஒரே கேள்வி அதுதான். ஏன் வந்தது, எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை வந்தால் ஈசல் வரும், ஈசலோடு இன்னும் எதாவது வரும், அதற்கெல்லாம் காரணம் தேடிக்கொண்டிருந்தால் உலை எப்போது வைப்பது.

அந்த ஊரில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு கிடையாது. பெரிய சண்டையின்போது மட்டும் எண்பத்தொரு பேர் கப்பலேறினார்கள், எண்பத்தொரு பேரும் கடிதம் எழுதினார்கள், கடிதங்கள் ஓட்டையோடு வந்தன. எந்த நாடு, எந்த ஆறு, எத்தனை பேர் செத்தார்கள், அரிசியில் எவ்வளவு புழு என்பதெல்லாம் எதிரிக்குத் தெரியக் கூடாதாம். அதனால் அந்த இடத்தை மட்டும் நறுக்கியெடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பிவைத்தார்கள். தபால்காரர் புளியமரத்தடியில் நின்று கடிதம் படித்துக் காட்டும்போது ஓட்டை வந்தால் 'ஓட்டை' என்றே படிப்பார். 'நாங்கள் இப்போது ஓட்டையில் இருக்கிறோம், இங்கே ஓட்டை அதிகம், நான் சுகம்.' கேட்டுக்கொண்டிருந்த ஊர் அவரவர் மனசுக்குத் தோன்றியதைப் போட்டு ஓட்டைகளை அடைத்துக்கொண்டது, அப்படி அடைத்ததைத்தான் முப்பத்துநாலு வருஷமாக நடந்த கதை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டும் இருந்தது.

பூங்காவனத்தின் வீட்டில் பதினொரு கடிதங்களும் இருபத்தாறு ஓட்டைகளும் இருந்தன. அவள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுடைய அப்பா சிப்பாய் கன்னியப்பன் போனார். ஆறாவது கடிதத்தில் மட்டும் ஓட்டை இல்லை, அதில் எழுத ஒன்றுமில்லாமல் பாதித் தாளை வெறுமையாகவே விட்டிருந்தார். மற்றதிலெல்லாம் சின்னச் சின்ன ஓட்டைகள். பதினோராவதில் இருந்தது ஒரே ஓட்டை, வெற்றிலை அகலத்துக்கு. 'அன்புள்ள ராஜாம்பாளுக்கு, நான் சுகம். நேற்று' என்று தொடங்கும், பிறகு அந்த ஓட்டை, ஓட்டைக்குக் கீழே 'ஆகையால் நான் போகிறேன். பாப்பாவைப் பார்த்துக்கொள்' என்று முடிந்துவிடும். அதற்கப்புறம் கடிதம் வரவில்லை, தந்தி வரவில்லை, ஆளும் வரவில்லை. சண்டை முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பட்டாளத்து ஆபீசிலிருந்து ஒரு வரி வந்தது. சிப்பாய் கன்னியப்பன் உத்தரவில்லாமல் அணியை விட்டு ஓடிப்போனவர் என்றது அந்த வரி. 'ஆகையால் நான் போகிறேன்' என்பதற்கு ஊருக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது.

ஓடிப்போனவனின் மகளாக ஒரு சிப்பாய் ஊரில் வளர்வது எப்படிப்பட்டது என்பதை வளர்ந்தவர்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளைக் கண்டால் நின்ற இடத்திலேயே ஓடுவதுபோலக் காலடித்துக் காட்டின, வாத்தியார் அதைப் பார்த்துச் சிரித்தார், மூன்றாம் வகுப்போடு அவள் போவதை நிறுத்திக்கொண்டாள். பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தப் பதினொரு கடிதங்களின் மேல் விரலை வைத்து ஓட்டி ஓட்டித்தான், அதனால் அவள் கையெழுத்து அப்படியே அப்பாவின் கையெழுத்து. பெண் பார்க்க வந்த இரண்டு பேரும் ஊர் எல்லையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். பத்தொன்பது வருஷமாக அவள் ஆபீஸ் ஆபீசாக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தாள்: எந்தக் கப்பலில் ஏறினார், எந்தத் துறைமுகத்தில் இறங்கினார், கூட யார் இருந்தார்கள், கடைசியாகப் பார்த்தது யார். வந்த பதில்களிலெல்லாம் அதே ஒரு வரிதான் இருந்தது. வயது முப்பத்தேழு ஆகிவிட்டது. அவளுக்கு வேறெதுவும் வேண்டாம், அப்பாவின் பெயர் கல்லில் ஏற வேண்டும்.

கல் ஊர் வாசலில் இருந்தது. போன எண்பத்தொரு பேரில் எழுபத்தாறு பேர் திரும்பினார்கள், நான்கு பேர் அந்தக் கருங்கல்லில் பெயரானார்கள், மிச்சம் ஒருவர் கன்னியப்பன். நால்வரும் ஒரே நாளில் ஒரே ஆற்றங்கரையில் கடைசித் தோட்டா வரைக்கும் சுட்டு வீழ்ந்தவர்கள் என்பதை அவர்களுக்கு ஹவில்தாராக இருந்த கஜபதி வந்து சொன்னார். அந்தக் கஜபதி பிறகு சுபேதாராகி, ஓய்வு பெற்று, முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கு இருபது வருஷமாகத் தலைவராக இருந்தார். மாசி மாதத்தில் ஒரு நாள் கல் நாள். அன்றைக்கு நான்கு வீட்டுக்கும் முதல் மாலை, மற்றவர்களுக்குப் பிறகுதான். சின்ன வயதில் பூங்காவனம் ஒருமுறை கூட்டத்துக்குள் புகுந்து கல்லைத் தொட்டபோது கஜபதி அவள் கையைத் தட்டிவிட்டு, "உன் இடம் ரோட்டுக்கு அந்தாண்ட" என்றார்.

கல்லுக்கென்று ஒரு வழக்கமும் இருந்தது. எத்தனை தந்தி வந்தாலும் பெயர் வெட்டுகிற வரைக்கும் அந்த வீட்டுப் பெண் சுமங்கலிதான். வெட்டுகிற அன்றைக்கு அவளைக் கல்லுக்கு முன்னால் உட்கார வைத்து, உளிச்சத்தம் நின்றதும் தாலியை வாங்கிக் கல்லின் காலடியில் புதைப்பார்கள். கன்னியப்பன் பெயர் வெட்டப்படாததால் அவர் மனைவி ராஜாம்பாளின் கழுத்தில் தாலியும் நெற்றியில் குங்குமமும் அப்படியே இருந்தன. ஆனால் கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிடுவதில்லை, சாவு வீட்டிலும் அவளுக்கு எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாது. கடைசியாகப் பெயர் வெட்டியபோது பூங்காவனத்துக்கு ஐந்து வயது. அவள் அந்தச் சடங்கைக் கேள்விப்பட்டிருந்தாளே தவிரப் பார்த்ததில்லை.

ஊர் சொற்களுக்குப் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. மழை பெய்த விடியற்காலையிலெல்லாம் துண்டுகள் வந்தன, பெட்டிகளின் அடியிலிருந்து பழைய கடிதங்கள் வெளியே வந்தன, வீட்டு வாசலெல்லாம் பெண்கள் குனிந்து உட்கார்ந்து துண்டை ஓட்டைக்குப் பொருத்திப் பார்த்தார்கள். இரண்டு 'கர்னலுக்கு' ஒரு 'காலரா' மாற்றிக்கொண்டார்கள். பட்டாளத்துக்கே போகாத ரயில்வே கூலி ஒருவனுக்கு 'பீரங்கி' கிடைத்தது, அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் விறைப்பாக நடந்தான். துண்டு பொருந்தாதவர்கள் ஓட்டையைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள், அதைப் பார்த்துச் சங்கம் ஒரு விதி போட்டது. துண்டையும் கடிதத்தையும் ஞாயிற்றுக்கிழமை புளியமரத்தடிக்குக் கொண்டுவர வேண்டும், சுபேதார் கஜபதி பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார், நான்கு ஓரமும் பொருந்தினால் பசை போட்டு ஒட்டிச் சங்கத்து இரும்புப் பெட்டியில் வைத்துவிடுவார். பொய்த்துண்டு கொண்டுவந்தவர்களின் கடிதத்தை அங்கேயே கொளுத்துவார்கள். ஊர் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டது.

பொருந்தியது எல்லோருக்கும் நல்லதாக இருக்கவில்லை. டாங்கி ஓட்டியவர் என்று மூன்று தலைமுறைப் பிள்ளைகள் சல்யூட் வைத்த சின்னத்தம்பு அப்போது உயிரோடுதான் இருந்தார். 'நான் இங்கே ஓட்டையில் இருக்கிறேன்' என்ற அவருடைய வரிக்கு, அவர் மகளே ஆசையாகத் தேடிக் கொண்டுவந்த துண்டு நான்கு ஓரமும் பொருந்தியது, அதில் 'சமையற்கட்டு' என்று இருந்தது. மறுநாள் பக்கத்து வீட்டில் மோர் கேட்டதற்கு, "நீங்களே கலக்கிக்கங்க மாமா, உங்களுக்குத் தெரியாததா" என்று சொம்பை நீட்டினாள் அந்த வீட்டுக்காரி. அவர் வீட்டை விட்டு வெளியே வருவதை விட்டார், கார்த்திகையில் செத்துப்போனார், தூக்கிக்கொண்டு போனவர்கள் வழியெல்லாம் குழம்பைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஊர் உஷாராகிவிட்டது. பிடிக்காத சொல் முறத்தில் தங்கினால் சத்தமில்லாமல் ஈசலோடு சேர்த்து வறுத்து, பொட்டுக்கடலை போட்டுத் தின்றுவிட்டார்கள்.

பூங்காவனம் ஒன்றையும் தின்னவில்லை. ஒரு மழை விடாமல் எல்லாப் புற்றுக்கும் போனாள், அடுத்தவர்கள் புடைத்துக் கொட்டிய குப்பையைக்கூடக் கிளறினாள், நாற்பது நாளில் இருபத்தைந்து துண்டுகளைப் பிடித்தாள். பத்தொன்பது வருஷம் கடிதம் எழுதித் தெரியாதது அந்த நாற்பது நாளில் தெரிந்தது. 'சிட்டகாங்' பொருந்தியது, 'பர்மா மலை' பொருந்தியது, 'நம்மூர் நாலு பேரும்' பொருந்தியது, 'ஹவில்தார் கஜபதி' பொருந்தியது, 'ஆற்றைத் தாண்டி' பொருந்தியது. நான்காவது கடிதத்தில் 'கொசு' பொருந்திய அன்று அவள் சந்தோஷத்தில் அழுதாள். அப்பாவைக் கொசு கடித்திருக்கிறது, அப்பா சொறிந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது. ஆனால் வெற்றிலை அகலத்துண்டு மட்டும் வரவே இல்லை.

மார்கழி பிறந்தது, மழை நின்றது, ஈசலும் நின்றது. பூங்காவனம் காய்ந்த புற்றைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துக் குப்பாயிதான் கேட்டாள். "இன்னாடி இன்னும் தேடற? மொத நாளே உங்கம்மா என் பக்கத்துல குந்திப் பொடச்சாளே. பெருசா ஒண்ணு எடுத்தாளே, வெத்தல கணக்கா. உன்கிட்ட குடுக்கல?"

பூங்காவனம் வீட்டுக்கு வந்தபோது ராஜாம்பாள் வாசலில் உட்கார்ந்து கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அந்தத் துண்டு எங்க?"

ராஜாம்பாள் எந்தத் துண்டு என்று கேட்கவில்லை. "தின்னுட்டன்" என்றாள்.

"உனக்குத்தான் ஈசலே ஆவாதே."

"ஆவலதான். ரெண்டு நாளு வவுத்தால போச்சு. இருந்தாலும் தின்னன்."

"அது நம்ம கடுதாசித் துண்டுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? உனக்குப் படிக்கவே தெரியாதே."

"படிக்கணுமா? முப்பத்திநாலு வருசமா அந்த ஓட்டையில வெரல உட்டுப் பாத்துனு கீறன். கையில எடுத்ததுமே தெரிஞ்சுது."

பூங்காவனம் அவள் முன்னால் குந்தினாள். "அதுல இன்னா எழுதியிருந்ததுன்னு தெரியாமயே தின்னியா? என்கிட்ட குடுத்திருந்தா நான் படிச்சிருப்பனே."

"அதுக்குத்தான் குடுக்கல" என்றாள் ராஜாம்பாள். கேழ்வரகிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "நீ படிப்ப. படிச்சா எதாவது ஒண்ணு இருக்கும். செத்துடுவன்னு எழுதியிருந்தா நான் இன்னா பண்ணுவன்? ஊரு ஓடிப்போனான்னு சொல்லுது, சொல்லட்டும். ஓடறவன் உசுரோட கீறான் பூங்காவனம். எங்கயோ ஒரு ஊருல ஒருத்திய வெச்சிக்கினு, தொந்தி போட்டுனு, என்னத் திட்டினு கீறான். தெனம் காலையில குங்குமம் வெக்கறப்ப நான் அவனத் திட்டறன். அது போதும் எனக்கு."

"எனக்குப் போதாது" என்றாள் பூங்காவனம். அம்மாவை அடித்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. இத்தனை வருஷம் தன்னைத் தெருத் தெருவாக ஓட விட்டது ஊர் என்று நினைத்திருந்தாள். உள்ளே உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டிருந்தவள் இவள்தான் என்று அன்றைக்கு நினைத்தாள், அது நியாயமா என்று நின்று யோசிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ராஜாம்பாள் களைபறிக்கப் போயிருந்தபோது பூங்காவனம் ஆறாவது கடிதத்தை எடுத்தாள். அதன் வெறுமையான பாதியைப் பதினோராவது கடிதத்தின் ஓட்டைக்கு அடியில் வைத்து, விளிம்பைப் பென்சிலால் வரைந்து, பிளேடால் ஒரே வெட்டாக வெட்டினாள். தாள் அதே தாள், பழுப்பு அதே பழுப்பு, எழுத்தும் அதே எழுத்து. நனைத்தால் மை போலப் பதிகிற காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு அவள் எழுதினாள். 'நம்மூர் நாலு பேரும் ஆற்றங்கரையில் குண்டடிபட்டுக் கிடந்தார்கள். உயிர் இருந்தது. ஹவில்தார் கஜபதி அவர்களை அப்படியே விட்டுவிட்டு எங்களை இக்கரைக்கு ஓட்டி வந்துவிட்டார். ராத்திரியெல்லாம் அவர்கள் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.' கீழே 'ஆகையால் நான் போகிறேன்' என்று அப்பா எழுதியிருந்தது அதோடு கச்சிதமாகச் சேர்ந்தது. இதில் ஒரு வார்த்தையும் அவளுக்குத் தெரிந்ததல்ல. அப்பா போனதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டியிருந்தது, நல்ல காரணத்துக்கு ஒரு கெட்டவன் வேண்டியிருந்தது, ரோட்டுக்கு அந்தாண்ட போ என்று கையைத் தட்டிவிட்டவரின் பெயர் கையோடு வந்தது. இதை மரத்தடியில் எழுந்து நின்று தானே உரக்கப் படிக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடியிருந்தது, கன்னியப்பன் வீட்டுத் துண்டு என்றால் யார் வராமல் இருப்பார்கள். கல்லில் பெயரிருந்த நால்வரின் மனைவிமார் வழக்கம்போல முன்வரிசையில் வெள்ளைப்புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். கஜபதி கடிதத்தைப் பலகையில் விரித்து, துண்டை ஓட்டையில் வைத்து, பூதக்கண்ணாடியை நான்கு ஓரத்துக்கும் கொண்டுபோனார். பொருந்தியது. பிறகு வழக்கப்படி மனசுக்குள் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

அப்போதுதான் ராஜாம்பாள் கூட்டத்தின் கடைசியில் எழுந்து நின்றாள். முப்பத்துநாலு வருஷத்தில் ஊர்க்கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

"சுபேதாரய்யா, அது பொய்த்துண்டு. நெசமானத நான் தின்னுட்டன். இத எம் பொண்ணு எழுதிக்கினா. கடுதாசியக் கொளுத்திடுங்க."

கூட்டம் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "தாலி போயிடும்னு பயம்" என்றான் ஒருவன். "ஓடிப்போனவன் பேர்ல இத்தினி ஆசையா" என்றான் இன்னொருவன். பூங்காவனம் யாரையும் பார்க்கவில்லை, கஜபதியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையிலிருந்த பூதக்கண்ணாடி பலகையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை. பொய்யைப் பார்த்தவர் முகம் அப்படி இருக்காது. தான் வன்மத்தில் இட்டுக்கட்டிய கதை நடந்தே இருக்கிறது, ஒரு வார்த்தைகூடப் பிசகாமல் நடந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. அப்படியானால் அப்பா போனதும் நிஜம், அந்த ஆற்றைத் தாண்டித் திரும்பிப் போனது நிஜம், போனவர் வரவில்லை. அவள் அப்பா செத்துப்போனது அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

கஜபதி தலை நிமிர்ந்தபோது அவர் கண் நேராக அவள் கண்ணுக்கு வந்தது. பொய் என்று தள்ளினால் கடிதம்தான் எரியும், துண்டு அவள் கைக்குத் திரும்பும், அவள் அதை உரக்கப் படிப்பாள். ஒப்புக்கொண்டால் துண்டு அவர் பெட்டிக்குள் போகும். இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

"பொருந்துது" என்றார் கஜபதி. "கன்னியப்பன் ஓடல. எதிரியப் பாத்துப் போனவன். அஞ்சாவது பேரு வெட்டிடலாம்."

"இன்னா எழுதிகீறாருன்னு படிங்கய்யா" என்றது கூட்டம்.

"இதுல ராணுவ ரகசியம் கீது. வெள்ளக்காரன் காரணம் இல்லாம வெட்டுவானா?"

முன்வரிசையிலிருந்து தெய்வானை, கல்லில் இரண்டாவது பெயருக்கு மனைவி, கையைக் கூப்பிக்கொண்டு கேட்டாள். "எங்கூட்டுக்காரரு பேரு அதுல வருதாய்யா?"

"வருது" என்றார் கஜபதி. "நாலு பேரும் கடைசி வரைக்கும் வீரமா நின்னாங்கன்னு எழுதிகீறான்." பிறகு பூங்காவனத்தைப் பார்த்து, "அப்பிடித்தானம்மா?" என்றார்.

அந்த நால்வரின் மனைவிமாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய ஆட்கள் உயிரோடு கிடந்து கூப்பிட்டார்கள், கூப்பிட்ட குரல் கேட்டும் போகாதவர் இங்கே நிற்கிறார், கேட்டுப் போனவர் ஒருவர்தான். இதைச் சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு போதும். சொன்னால் கல்லில் இருக்கிற நான்கு பெயரும் பொய்யாகும், பொய்க் கல்லில் ஐந்தாவது பெயரை யார் வெட்டுவார்கள்.

"அப்பிடித்தான் சுபேதாரய்யா" என்றாள் பூங்காவனம்.

கஜபதி துண்டுக்குப் பசை தடவி ஒட்டி, கடிதத்தை நான்காக மடித்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். தெய்வானை எழுந்து வந்து பூங்காவனத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முப்பத்தேழு வயதில் ஊரில் ஒருத்தி தன்னை அப்படித் தொட்டது பூங்காவனத்துக்கு அதுதான் முதல் தடவை. அவள் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே கொடுத்துக்கொண்டு நின்றாள்.

மாசி மாதக் கல் நாளில் காலை பத்து மணிக்கு உளி விழ ஆரம்பித்தது. மேளம் இருந்தது, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து முன்னாள் சிப்பாய்கள் மெடல் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் மாலையைப் பூங்காவனத்தின் கழுத்தில் போட்டு, குங்குமமும் கற்பூரமும் இருந்த தட்டைக் கையில் கொடுத்து, வழக்கப்படி உளிச்சத்தம் நிற்கிற வரைக்கும் நகரக் கூடாது என்று சொல்லி நிறுத்தியிருந்தார்கள். ராஜாம்பாளை வீட்டிலிருந்து நான்கு பெண்கள் நடத்தி வந்தார்கள். அவளுக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, முகமெல்லாம் மஞ்சள் பூசியிருந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் ஊர் அவளை அலங்கரித்தது அன்றைக்குத்தான்.

உளி 'க' வெட்டி, 'ன்' வெட்டி, ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது. ராஜாம்பாள் அழவில்லை. உட்கார வைத்ததிலிருந்து இரண்டு கையாலும் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். உளிச்சத்தம் நின்றதும் தெய்வானை குனிந்து, "வுடு ராஜாம்பா, எல்லாருக்கும் உண்டானதுதான்" என்றாள். ராஜாம்பாள் விடவில்லை. பெண்கள் அவளுடைய விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது, ஒன்றைப் பிரித்து அடுத்ததற்குப் போவதற்குள் முந்தியது மறுபடி மூடிக்கொண்டது, கடைசியில் நான்கு பேர் சேர்ந்து மணிக்கட்டைத் தரையில் வைத்து அழுத்தினார்கள். வளையல்கள் அதிலேயே நொறுங்கின. மூன்றடி தூரத்தில் தட்டோடு நின்ற பூங்காவனத்தை யாரோ ஃபோட்டோ எடுத்தார்கள். சுற்றியிருந்த சிப்பாய்கள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ராஜாம்பாள் பூவை உருவி ஓர் ஓரமாகப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மணிக்கட்டின் கீறலில் ரத்தம் காய்ந்திருந்தது. பூங்காவனம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அவள் குடிக்கவில்லை. சொம்பைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தத் துண்டுல நீ இன்னாதான் எழுதின?" என்று கேட்டாள்.

பூங்காவனம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நாலு பேர் கிடந்ததை, விட்டுவிட்டு வந்ததை, கூப்பிட்டதை, அதைக் கேட்டு அப்பா திரும்பிப் போனதை. கஜபதியின் கை நடுங்கியதையும் சொன்னாள், அது நடந்தது உண்மைதான் என்பதையும் சொன்னாள். அம்மா அழுவாள், பெருமைப்படுவாள், அதுவும் இல்லையென்றால் கஜபதியைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள்.

"செய்வாரு" என்றாள் ராஜாம்பாள். முப்பத்துநாலு வருஷமாக 'அவன்' என்று திட்டிய வாயில் மரியாதை வந்திருந்தது. "அப்பிடித்தான் செய்வாரு. ஒரு நாளு பக்கத்தூட்டுக் கன்னுக்குட்டி கேணியில வுழுந்துதுன்னு ராத்திரி எறங்கனவரு." கொஞ்ச நேரம் வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, மகளை ஏறிட்டுப் பார்த்தாள். கோபமே இல்லாமல், நடந்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"ஆம்பளப் புள்ள இல்லாத வூடாச்சே, எங்கனா செத்தா அவருக்குக் கொள்ளி வெக்கக்கூட ஆளில்லியேன்னு நெனச்சினு இருந்தன். நீ வெச்சிட்டம்மா."